ஈயச் சிப்பாய்க்கு அண்ணன் முகம்

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அண்ணன் நிற்கிற விதத்தைப் பார்த்துக் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயாவே சிரிப்பார். மற்றவர்கள் கம்பளியை இழுத்துப் போர்த்தி, தோளைக் குறுக்கி, பேர் கூப்பிடும்வரை காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பார்கள். அவன் மட்டும் குதிகால் இரண்டையும் சேர்த்து, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தோளில் சாய்த்து, துப்பாக்கி பிடித்தவன் மாதிரி நிற்பான். கொட்டகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவனுக்குப் 'பட்டாளத்தான்' என்றே பேர் விழுந்துவிட்டது. கேலிக்கு வைத்த பேர்தான். அவன் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டான்.

ஒருநாள் எங்கள் நாட்டுப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறிப் போனான். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தான். லயத்து வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்து சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"என்னாச்சுடா?" என்றாள் அம்மா.

"பிரஜை இல்லையாம்மா நான். இந்தியாக்காரனாம்."

"இந்த காம்பராவுலதானேடா பொறந்த? இதே மூலையில."

"அத நீ வந்து சொன்னாலும் எடுக்க மாட்டாங்க. பிரஜைங்கிறதுக்குக் கடுதாசி வேணுமாம்."

எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் கடுதாசி இல்லை. லயத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இல்லை. அதற்கு முன்னால் அதை நாங்கள் ஒரு குறையாக நினைத்ததே கிடையாது. கொழுந்து பறிக்கக் கடுதாசி எதற்கு?

அந்த வருஷமே அண்ணன் இந்தியாவுக்குக் கிளம்பினான். முசிறிப் பக்கம் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா இருந்தார். அவரிடம் போய் அங்கே பட்டாளத்தில் சேர்ந்துகொள்வதாக முடிவு. பாஸ்போர்ட்டுக்காக ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தான். எடுத்த பிரதிகள் எல்லாம் காரியாலயத்துக்கே போய்விட்டன. எங்களுக்கென்று ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொட்டகலை ஸ்டேசனில் அவனை ரயிலேற்றிவிட்டு வரும்போது எனக்குப் பதினைந்து வயது இருக்கும்.

சொன்னபடியே மதராஸ் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். முதலில் கார்டுகள் வந்தன. சப்பாத்தி சாப்பிட்டுப் பழகிவிட்டதாக எழுதினான். ரயிலில் நாலு நாள் போனாலும் முடியாத ஊர் அது என்று எழுதினான். பிறகு வடக்கே பனிமலை எல்லையில் சண்டை வந்தது. கொட்டகலைக் கடைத்தெருவில் ரேடியோ வைத்திருந்த துணிக்கடை முதலாளி, அப்பாவைப் பார்த்தால் கூப்பிட்டு உட்காரவைத்துச் செய்தி சொல்லுவார். சண்டை முடிந்தும் அண்ணனிடமிருந்து கார்டு வரவில்லை. வெகுநாள் கழித்து மாமா எழுதினார்: உயிரோடு இருக்கிறான், ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கவலைப்பட வேண்டாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

காணாமல் போனவர்களின் முகம் மனதில் அப்படியே நிற்கும் என்று சொல்வார்கள். எனக்கு நிற்கவில்லை. அதுதான் என்னை அரித்தது. அவன் கத்தி பிடித்து நின்ற நிற்பு ஞாபகம் இருந்தது, நடந்துபோகும்போது பின்கழுத்தில் விழுகிற மடிப்பு ஞாபகம் இருந்தது. முகத்தை நினைக்கப் போனால் மட்டும், மலையில் மூடுபனி இறங்குகிற மாதிரி எதுவோ வந்து மறைத்துக்கொள்ளும். அம்மாவிடம் கேட்டால், "எம்புள்ள மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்பாள். எப்படி இருக்கும் சொல்லு என்றால் அழுதுவிடுவாள். கேட்பதை விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் நான் தோட்டத் துரையின் பெரிய பங்களாவில் வேலைக்கு இருந்தேன். கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்திருந்ததாலும் தையல் வரும் என்பதாலும் துரைசாணி அம்மா என்னை எடுத்துக்கொண்டாள். கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவது, திரைச்சீலைக்குக் கரை தைப்பது, துரையின் காலுறைகளை இழையோட்டுவது. துரை பேச்சுக் குறைந்த மனுசர். காலையில் மலைக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார், மறுபடி தொழிற்சாலைக்குப் போய்விடுவார். அவர்களுக்கு ஒரே மகன். பத்து வயதுப் பையனைச் சீமையில் பள்ளிக்கூடத்தில் விட்டிருந்தார்கள். அவனுடைய அறையை நாங்கள் வாரம் ஒருமுறை திறந்து தூசி தட்டி மறுபடி பூட்டுவோம். தட்டும்போது துரைசாணி அம்மா ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள். அந்த அறையில் ஒரு அலமாரி நிறைய ஈயச் சிப்பாய்கள் இருந்தார்கள்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் சீமையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. மகனுடைய பிறந்தநாளுக்குத் தானே ஒரு சிப்பாய்க்கு வர்ணம் தீட்டி அனுப்ப வேண்டும் என்று துரைசாணி அம்மாவுக்கு ஆசை. அவளுடைய தம்பி லண்டனிலிருந்து அனுப்பியிருந்தார். பெட்டிக்குள் நடுவிரல் உயரத்துக்கு ஒரு ஈய உருவம் இருந்தது. வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவிலான நிறத்தில், கையில்லாமல், துப்பாக்கி இல்லாமல். கையும் துப்பாக்கியும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றியிருந்தன. கூடவே பற்பசை டியூப் மாதிரி சின்னச் சின்ன டியூப்களில் வர்ணம்.

"இது புதிய வர்ணம். அக்ரிலிக்," என்றாள் துரைசாணி அம்மா. அவளுடைய தமிழ், புத்தகத்தில் படித்த தமிழ். "தண்ணீரில் கரையும். காய்ந்த பிறகு கரையாது. எண்ணெய் வேண்டாம். வாசனை இல்லை."

"சிப்பாய் யாருங்க தொரசாணி?"

பெட்டிமேல் இருந்த படத்தைக் காட்டினாள். சிவப்புச் சட்டை, நெஞ்சில் குறுக்கே இரண்டு வெள்ளை வார், தலைப்பாகை மாதிரி ஒரு நீலத் தொப்பி. கீழே முழங்கால் தெரிகிற வெள்ளை அரைக்கால் சட்டை, அதன் விளிம்பில் நீலத்தில் பல் பல்லாக ஒரு கரை. காலில் செருப்பு. முகம் கறுப்பு.

"மதராஸ் சிப்பாய். நூற்றைம்பது வருடம் முன்னே, கம்பெனி காலம். துரையின் தாத்தாவுக்குத் தாத்தா இவர்களோடு இருந்தார். என் மகன் இதைக் கேட்டான்."

மதராஸ் சிப்பாய். என் அண்ணனும் அதுதானே.

வீட்டுக்குள்ளேயே வெளிச்சம் அதிகம் வருகிற கண்ணாடி வராந்தாவில் மேசை போட்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு, மழை பிடிக்கும்வரை, அதுதான் எங்கள் நேரம். ஆரம்பத்தில் நான் தண்ணீர் மாற்றவும் தூரிகை கழுவவும் மட்டும்தான். ஆனால் அந்த வேலை இரண்டு பேருக்கும் புதிது. கூட வந்திருந்த காகிதத்தை அவள் உரக்க வாசிப்பாள், எனக்குத் தமிழில் சொல்லுவாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தப்பு செய்வோம்.

முதல் தப்பு பெரிய தப்பு. ஈயத்தின் மேலேயே சிவப்பை ஏற்றிவிட்டோம். பார்க்க ஜோராக இருந்தது. மறுநாள் கையில் எடுத்ததும் சட்டை முழுவதும் பாலாடை மாதிரி உரிந்து என் விரலோடு வந்துவிட்டது. துரைசாணி அம்மா அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அந்தப் பங்களாவில் அவள் வாய்விட்டுச் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை. சமையலறையிலிருந்து சமையல்கார அப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

காகிதத்தை மறுபடி வாசித்தோம். வார்ப்பில் இருந்து வந்த பிசிறுகளைச் சின்ன அரத்தால் ராவ வேண்டும், காடியில் கழுவ வேண்டும், அடிவர்ணம் ஒன்று மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு அதற்குமேல்தான் மற்றது. எல்லாம் செய்தோம். எங்கள் மலை ஈரத்தில் எதுவும் சீக்கிரம் காயாது. சிப்பாயை ஒரு மூடியின் மேல் ஒட்டிக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தேநீர் குடித்துக்கொண்டு காத்திருப்போம். காத்திருக்கும்போது அவள் மகனைப் பற்றிச் சொல்லுவாள். கடைசியாக வந்த கடிதத்தில் 'அன்புள்ள அம்மா' என்பதற்குக் கீழே கிரிக்கெட் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தானாம்.

"அவனுக்கு அங்கே சந்தோசம். நல்லது," என்றாள். நல்லது என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னாள்.

வர்ணத்தைத் தண்ணீர் விட்டு மோர் மாதிரி நீர்க்கக் கரைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். ஒரே தடவையில் அழுத்திப் பூசினால் மடிப்பெல்லாம் அடைந்துபோய்ச் சிப்பாய் பொம்மையாகிவிடுகிறான். சட்டை மடிப்புக்குள் இறங்குகிற இடத்தில் சிவப்போடு கொஞ்சம் பழுப்பு, தோளிலும் முழங்கையிலும் கொஞ்சம் வெளிச்சமான சிவப்பு. அரைக்கால் சட்டைக் கரையின் நீலப் பற்களைத் துரைசாணி அம்மா தீட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக. மூன்று தடவை அழித்து எழுதினாள்.

தோல் நிறத்தில் வந்து மாட்டிக்கொண்டோம். காகிதத்தில் சொன்ன கணக்குப்படி கலந்தால் செங்கல் மாதிரி வந்தது. வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூத்தது. அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உன் கையைக் காட்டு."

நீட்டினேன். வர்ணத்தை ஒரு பொட்டு என் முன்கையில் வைத்தாள். செங்கல் பொட்டு. மஞ்சள் கொஞ்சம் சேர்த்து அடுத்த பொட்டு. கறுப்புக்குப் பதில் நீலம் ஒரு துளி சேர்த்து அடுத்தது. கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கடைசியில் வைத்த பொட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாக இருந்தது. என் தோலோடு கலந்துவிட்டது.

"இதுதான்," என்றாள். பிறகு தூரிகையை என் பக்கம் நீட்டினாள். "முகம் நீ செய். உனக்குத் தெரிந்த முகம். எனக்குத் தெரியாது."

கால்களை முதலில் தீட்டினேன். பழகிக்கொள்வதற்காக. முழங்கால், ஆடுசதை, செருப்பு வார்களுக்கு நடுவில் பாத விரல்கள். பத்து விரலுக்கும் தனித்தனியாக மேட்டில் வெளிச்சம் வைத்து, இடுக்கில் நிழல் விட்டு, கண்ணுக்கே தெரியாத அளவில் நகம்கூட வைத்தேன். அது போதும் என்று துரைசாணி அம்மா சிரித்தாள். பிறகு முகத்துக்கு வந்தேன். காகிதத்தில் கண்ணை முதலில் வைக்கச் சொல்லியிருந்தது. கோயிலில் சுதைச் சிலைக்கு வர்ணம் பூசுகிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள் என்று சொன்னேன். "சரி, கடைசியில்," என்றாள்.

அண்ணனைத் தீட்ட வேண்டும் என்று நான் உட்காரவில்லை. சாமி சத்தியமாக இல்லை. கன்ன எலும்புக்கு வெளிச்சம் வைத்தேன், தாடைக்கு நிழல் இழுத்தேன். புருவம் வைக்கும்போது இரண்டும் மூக்குக்கு மேலே லேசாக ஒட்டிக்கொண்டன. அழிக்கப் போனேன். கை நின்றுவிட்டது. கூட்டுப் புருவம். கீழ் உதட்டை ஒரு நூல் தடிப்பாக வைத்தேன், ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி ஆயிற்று. கடைசியில் குண்டூசி முனையில் கறுப்பைத் தொட்டுக் கண்ணில் வைத்தேன். வைத்ததும் அவன் என்னைப் பார்த்தான்.

அத்தனை வருஷமாக எத்தனை முறை நினைத்தும் வராத முகம், நினைக்காமல் இருந்தபோது விரல் வழியாக வந்திருந்தது. நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டேன்.

துரைசாணி அம்மா குனிந்து சிப்பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது யார்?"

"எங்க அண்ணனுங்க."

"எங்கே இருக்கிறான்?"

"இந்தியா பட்டாளத்துல. தெரியலைங்க. ரொம்ப நாளா ஒண்ணும் தெரியலைங்க."

அவள் எழுந்துபோய்க் கணப்பில் விறகு போட்டுவிட்டு வந்தாள்.

மேலே வார்னிஷ் போட்டு முடிக்கிறவரை சில நாட்கள் சிப்பாய் எங்களோடு இருந்தான். வேலைக்குப் போனதும் முதலில் அவனைப் போய்ப் பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். துரைசாணி அம்மா சம்மதித்தாள். அம்மா பங்களாவுக்குள் வரத் தயங்கி, வராந்தாப் படியிலேயே நின்றாள். சிப்பாயை அவள் உள்ளங்கையில் வைத்தேன். கொழுந்துக் கறை ஏறிய கையில் சிவப்புச் சட்டை நின்றது.

"எம்புள்ளையாட்டமே இருக்கு," என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, "எளைச்சிட்டான்," என்றாள்.

அவனை எனக்குக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்காமலே துரைசாணி அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பார்சல் கட்டுகிற அன்றைக்கு அவள் சிப்பாயை மேசைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சின்னத் தேயிலை டின் ஒன்றும் பஞ்சும் பக்கத்தில் இருந்தன.

"என் மகன் கேட்ட பொருள் இது," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவன் என்னிடம் வேறு எதையும் கேட்பதில்லை."

"தெரியுங்க தொரசாணி. அனுப்பிருங்க."

பஞ்சில் நானே சுற்றி வைத்தேன். முகத்தை மேலே பார்க்க வைத்தேன். மூடியை அவள் அழுத்தினாள். அன்று சாயங்காலம் லயத்துக்கு இறங்கி வரும்போது, அண்ணனை ரயிலேற்றிவிட்டுக் கொட்டகலை ஸ்டேசனிலிருந்து திரும்பி நடந்தோமே, அதே நடைதான் நடந்தேன். கீழே எங்கோ ரயில் ஊதியது. தபால் அதில்தான் போகும் என்று தெரியும்.

அண்ணன் மறுவருஷம் வந்தான்.

சொல்லிக்கொள்ளாமல் வந்தான். அப்பா தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில், கடைத்தெருவில் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவன் தகரப் பெட்டியோடு நிற்பதைப் பார்த்து, யாரோ வெளியூர் ஆள் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார். "அப்பா" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பியிருக்கிறார். லயத்துக்கு வந்தபோது கூட்டம் கூடிவிட்டது. எனக்கு வழிவிட்டார்கள். முன்னால் போய் நின்றேன். தடித்த மீசை. கன்னம் உள்ளே போய்விட்டிருந்தது. கூட்டுப் புருவம் இருந்தது, ஆனால் அதற்கு மேலே நெற்றி மூன்று கோடாகச் சுருங்கியிருந்தது. நான் தீட்டிய முகம் அந்த முகத்துக்குள் எங்கேயோ இருந்தது. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழும்போதே, இவன் என் அண்ணன்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு மாத விசா. வந்ததைப் பொலிஸில் பதிய வேண்டும் என்றார்கள். அப்பாவும் அவனும் போனார்கள். பிறந்த இடம் கேட்டு எழுதிய சிங்கள அதிகாரி, தோட்டத்தின் பேரைக் கேட்டதும் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். "அப்போ இது உங்க ஊருதானே?" என்று கேட்டாராம். "ஆமாங்க ஐயா," என்றானாம் அண்ணன். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். அப்பா இதைப் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் நடக்கும்போது கொஞ்சம் சாய்ந்து நடந்தான். யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும் காலுறை போட்டிருந்தான். குளிருக்கு என்று நினைத்தோம். ஒரு மத்தியானம் காம்பரா வாசலில் உட்கார்ந்து நான் அவனுக்குத் துரைசாணி அம்மாவின் சிப்பாயைப் பற்றிச் சொன்னேன். பாலாடை மாதிரி உரிந்த சட்டை, என் கையில் வைத்த பொட்டுகள், குண்டூசியால் வைத்த கண்.

"எம்மூஞ்சியா வச்ச?"

"வைக்கலண்ணே. வந்துருச்சு."

"இப்ப எங்க இருக்கேன்?"

"சீமையில. தொர மகன் அலமாரியில."

தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். "பாத்தியா, பாஸ்போர்ட்டு இல்லாம சீமைக்குப் போயிட்டேன்." சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கால்ல என்னா மாட்டிவிட்ட?"

"செருப்புண்ணே. அந்தக் காலத்துல அதுதானாம்."

எதிர் மலையில் பெண்கள் கூடையைச் சுமந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்களுக்குக் கான்வாஸ் சப்பாத்து," என்றான். "அந்தப் பனிக்கு அது ஒண்ணுமே இல்ல பாப்பா. மொதல்ல வலிக்கும். அப்புறம் வலிக்காது. வலிக்காதப்பத்தான் பயப்படணும்னு எங்களுக்கு யாரும் சொல்லல."

குனிந்து இடது காலுறையைக் கழற்றினான். கட்டைவிரலும் அதற்கடுத்ததும் மட்டும் இருந்தன. நான் பார்த்தேன். வேறு பக்கம் திரும்ப முடியவில்லை.

"ஒன் சிப்பாய்க்கு வெரலெல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. ஒவ்வொண்ணா தீட்டுனேன். நகங்கூட வச்சேன்."

"நல்லதாப் போச்சு," என்றான். "அங்கயாச்சும் இருக்கட்டும்."

காலுறையை நானே அவனுக்கு மாட்டிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே என்றான். அவன் வந்த முதல் நாளே அம்மாவுக்குத் தெரியும் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. அவன் தூங்கும்போது அவள் பார்த்திருந்தாள்.

துரைசாணி அம்மா அவனைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன். வராந்தாவில் நாற்காலி போடச் சொல்லி அவனை உட்காரவைத்தாள். எங்கள் ஆட்களை அந்த வராந்தாவில் உட்கார வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "உன்னை எனக்குத் தெரியும்," என்றாள். அண்ணன் எழுந்து நின்று குதிகாலைச் சேர்த்து சலாம் வைத்தான். வைக்கும்போது கொஞ்சம் தடுமாறினான்.

மாதம் முடிந்தது. இன்னொரு மாதம் கேட்டுப் பார்க்கலாம் என்றார் அப்பா. "வேணாம்பா. மாமா அங்க வேல பாத்து வச்சிருக்காரு," என்றான் அண்ணன். அது உண்மையா, கேட்டு இல்லையென்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமா, எனக்குத் தெரியாது. ஏற்கனவே ஒருமுறை சட்டையை மடித்து வைத்தவன் அவன்.

ஸ்டேசனில் மூடுபனி இறங்கிக் கம்பிகளை மறைத்திருந்தது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மீசை, நெற்றிக் கோடு, கன்னக் குழி, எல்லாவற்றையும் இந்தமுறை விடாமல் மனதில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று. ஆனால் பார்க்கப் பார்க்க அதன் பின்னால் இருந்த பழைய முகத்தைத்தான் கண் தேடியது. எதிரில் உட்கார்ந்திருக்கிறவனுக்காக இப்படி ஏங்க முடியும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. ரயில் கிளம்பியதும் ஏதோ சொன்னான். இரும்புச் சத்தத்தில் காதில் விழவில்லை. அப்பா கையை ஆட்டிக்கொண்டே நின்றார். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் போயின.

தோட்டத்துக்கு ஏறிப் போகும்போது அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தாள். பாதி மலை ஏறிய பிறகு, ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"எல்லாம் மாறிப்போச்சு அவனுக்கு," என்றாள். "கொரலு மட்டும் மாறல. கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. அந்த மாதம் முழுவதும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை, நாங்களும் போகவில்லை. அங்கே கல்யாணம் ஆகிக் குழந்தைகள் பிறந்ததாகச் செய்தி வந்தது. இன்றைக்கும், வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில், நான் கண்ணை மூடிக்கொண்டு அவன் என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட்ட சத்தத்தைக் கேட்டுப் பார்ப்பேன். சில நாள் கேட்கும்.